எழுந்து நிற்க ஒரு மாதம்

இந்த முறை கடற்கரைக்குப் போவோம். கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிற சமாசாரம் இல்லை. அலை மேல் பலகையைப் போட்டுக் கொண்டு ஜம்மென்று நின்றபடி சவாரி வருகிறார்களே, அந்த ‘சர்ஃபிங்’ பற்றித்தான் எழுதப் போகிறேன். “உடம்பு, பத்தியம், பிள்ளை வளர்ப்பு என்று எழுதுகிறவளுக்கு இது எதற்கு?” என்று கேட்பவர்கள் தயவு செய்து கடைசி வரை படியுங்கள். கடலில் கால் வைக்கவே உத்தேசம் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது.

எழுதத் தூண்டியது ஒரு கடிதம். சென்னை வாசகி. வயது 33. மகளுக்கு இரண்டரை வயசு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாகக் கோவளத்துக்குப் போய் சர்ஃபிங் கற்றுக் கொள்கிறாராம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார். அவர் எழுதியிருப்பது இது:

“ஒரு வாரம் கையால தண்ணியைத் துழாவச் சொல்லித் தர்றாங்க. ஒரு வாரம் பலகையைத் திருப்பச் சொல்லித் தர்றாங்க. இன்னொரு வாரம் உள்ளே போய்ப் பெரிய அலையைப் பிடிக்கணும்கிறாங்க. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தெரியுது, எதுவும் முழுசா வரலை அம்மா. வீட்டில, ‘ஆறு வாரம் ஆச்சு, இன்னும் விழுந்துகிட்டுத்தானே இருக்கே?’ன்னு கேக்கறாங்க. இந்த மாசத்தோட விட்டுடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா வாரத்தில எனக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு மணி நேரம்தான்.”

அந்தக் கடைசி வரி என்னை உட்கார விடவில்லை. கோவளத்துக்குப் போய் இரண்டு காலைப் பொழுது மணலில் நின்று வகுப்புகளைக் கவனித்தேன். சொல்லித் தருகிறவர்களிடமும் பேசினேன். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

யாருடைய விளையாட்டு?

“இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, ஆம்பளைப் பசங்க விளையாட்டு” என்று நினைப்பவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. இது பிறந்து வளர்ந்தது பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளில். ஹவாய் தீவில் ராஜா, ராணி, குடிமக்கள் எல்லாருமே பலகை ஏறியிருக்கிறார்கள். பெண்களுக்கு அங்கே தடை இருக்கவில்லை. டியூக் கஹனமோகு என்ற ஹவாய்க்காரர் 1912 ஒலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். அவர் 1915-ன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் சிட்னிக் கடற்கரையில் அலைச் சவாரி செய்து காட்டினபோது, இஸபெல் லெத்தாம் என்ற 15 வயதுப் பெண்ணைத் தன் பலகையில் ஏற்றிக் கொண்டார். அலையின் உச்சியிலிருந்து கீழே பார்த்ததும் அந்தப் பெண் நடுங்கிப் போனாளாம். டியூக்தான் அவளைப் பிடித்துத் தூக்கி நிற்க வைத்தார். அன்று பிடித்த ஆசை அவளை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பிற்காலத்தில் நீச்சல் ஆசிரியையாக எத்தனையோ பேருக்குக் கற்றுக் கொடுத்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் (நடந்தது 2021-ல்) முதல் முறையாக சர்ஃபிங் சேர்க்கப்பட்டது. பெண்கள் பிரிவில் முதல் தங்கம் ஹவாயைச் சேர்ந்த கரிஸா மோருக்கு. இலங்கையின் அறுகம்பேயில் 2018-ல் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃபிங் சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் தாய்மார்களும் சேர்ந்தார்கள். நம் மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே நடந்தது. அதில் கர்நாடகத்துப் பையன் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். ஆகவே இது அந்நியச் சரக்கு என்று தள்ளிவிட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸேறினால் போய்ச் சேருகிற தூரத்தில் நடக்கிற சங்கதி.

ஆனால் ஒன்று. இஸபெல்லைத் தூக்கி நிறுத்த டியூக் இருந்தார். நமக்கு அப்படி யாரும் வரப் போவதில்லை. நாமேதான் எழுந்து நிற்க வேண்டும். இந்த மாதம் நம் பாடம் அது ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நான் பார்த்த வகுப்பு ஒன்றரை மணி நேரம். பலகையைச் சுமந்து போவது, அலைக்குக் காத்திருப்பது, விழுவது, மூக்கைச் சிந்திக் கொண்டு மறுபடி உள்ளே நடப்பது, இதிலேயே முக்கால்வாசி நேரம் போய்விடுகிறது. புதிதாகக் கற்கிற ஒரு பெண் எழுந்து நிற்க முயன்றதை எண்ணினேன். மொத்தம் 15 தடவை. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு விநாடி. ஆகக் கூடி ஒரு நிமிஷம்கூடத் தேறவில்லை! வாரம் ஒரு நிமிஷம் பழகினால் எந்த வித்தை வரும், சொல்லுங்கள்? அந்த ஒரு நிமிஷத்திலும் ஒரு நாள் துழாவல், ஒரு நாள் திருப்பம் என்று பங்கு போட்டால் யாருக்குத்தான் வரும்?

பாட்டுக் கற்றுக் கொண்டவர்களுக்கு இது தெரியும். நல்ல வாத்தியார் பாட்டு முழுவதையும் பத்துத் தடவை பாட விடமாட்டார். எந்த இடத்தில் சுருதி விலகுகிறதோ, அந்த ஒரு சங்கதியில் நிறுத்தி, “இதை மட்டும் சொல்லு” என்பார். இருபது தடவை ஆனாலும் மேலே போக விடமாட்டார். அந்த இடம் சரியானதும் பாட்டு தானாக ஓடும். ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடன் சேர்ந்தவர்களும் பெர்லினில் வயலின் கற்ற மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் எழுதியதும் இதை ஒட்டியதுதான். வாசித்துக் கொண்டே இருந்தால் மட்டும் போதாது. வராத இடத்தைத் தனியே பிரித்து, மனசை அதில் வைத்து, தப்பைத் திருத்தித் திருத்திப் பழகுவதில்தான் முன்னேற்றம் இருக்கிறது.

சரி, சர்ஃபிங்கில் எந்தச் சங்கதியை எடுப்பது? நான் இரண்டு கேள்வி கேட்பேன். மற்றதெல்லாம் எதன் மேல் நிற்கிறது? எதை வீட்டிலேயே பழக முடியும்? இரண்டுக்கும் ஒரே விடைதான் வருகிறது: குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நிற்பது. கோவளத்துப் பிள்ளைகள் இதை ‘பாப்-அப்’ என்கிறார்கள். நிற்கவே வராதவள் திருப்பம் கற்று என்ன பிரயோஜனம்? துழாவப் பழகக் கடல் வேண்டும், இல்லாவிட்டால் நீச்சல் குளமாவது வேண்டும். எழுந்து நிற்கப் பழக ஆறடித் தரை போதும்.

கைக்குழந்தையுள்ள தாய்க்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவளுக்குக் கிடைக்காது. ஆனால் குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஐந்து தடவை எழுந்து நின்றுவிடலாம். காலை 10, மாலை 10 என்றால் வாரத்துக்கு 140. கடலில் வாரம் 15 என்றால், ஒன்பது வாரத்து வகுப்பை ஒரே வாரத்தில் வீட்டுக் கூடத்தில் முடித்துவிடுகிறீர்கள்!

முதல் வாரம்: மெதுவாக

யோகா விரிப்பு ஒன்று இருந்தால் நல்லது. அதன் அகலமும் பழகுகிறவர்களுக்குத் தருகிற பலகையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 2 அடி. கோரைப்பாய், ஜமுக்காளம் எல்லாம் டைல்ஸ் தரையில் வழுக்கும், வேண்டாம். விரிப்பின் நடுவில் நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எதிர்ச் சுவரில், நிற்கும்போது கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்கட்டும். தினசரிக் காலண்டர் போதும்.

எந்தக் கால் முன்னே? பலருக்கு இடது கால். சிலருக்கு வலது. இதில் சரி, தப்பு கிடையாது. இரண்டையும் சில தடவை செய்து பார்த்து, எது இயல்பாக வருகிறதோ அதை வைத்துக் கொள்ளுங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

இனி வரிசையாக:

1. கோட்டின் மேல் குப்புறப் படுங்கள். கால்கள் சேர்ந்திருக்கட்டும். தலையைத் தூக்கிக் காலண்டரைப் பாருங்கள்.

2. உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில், கீழ் விலா எலும்பை ஒட்டித் தட்டையாக ஊன்றுங்கள். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். விரிப்பின் ஓரத்தைப் பிடிக்கக் கூடாது. பலகையின் ஓரத்தைப் பிடித்து எழுந்தால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

3. மூச்சை விட்டபடியே தரையை அழுத்தி மார்பையும் இடுப்பையும் தூக்குங்கள். பின்னங்காலை மடக்கி, பாதத்தைக் குறுக்காக விரிப்பில் ஊன்றுங்கள்.

4. முன்னங்காலை இரண்டு கைகளுக்கும் நடுவில் கொண்டு வந்து கோட்டின் மேல் வையுங்கள். இடம் போதவில்லை என்றால் இடுப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

5. கையை எடுத்து நிமிருங்கள். முழுசாக நிமிர வேண்டாம். முழங்கால் மடங்கியே இருக்கட்டும். இரண்டு பாதத்துக்கும் இடையே தோள் அகலத்தைவிடச் சற்று அதிக இடைவெளி. பார்வை காலண்டரில்.

முதல் வாரம் ஒவ்வொரு படியிலும் நின்று, எண்ணி எண்ணிச் செய்யுங்கள். வேகம் வேண்டவே வேண்டாம். அவசரமாகப் பழகினால் உடம்பு அந்தத் தப்பையும் சேர்த்தே கற்றுக் கொள்ளும். பிறகு அதை மறக்கடிக்க இரட்டிப்பு வேலை. ஆறாவது, ஏழாவது தடவையில் கால் இழுபட ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். பத்து என்பது வேண்டுதல் ஒன்றும் இல்லை.

மணிக்கட்டு வலிக்கிறவர்கள் சில நாள், நகராத கட்டிலின் ஓரத்தில் கை ஊன்றிச் சாய்ந்து செய்யலாம். மணிக்கட்டுக்குப் பாரம் குறையும்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: ஒரு வாரத்துக்கு ஒரு திருத்தம்

இரண்டாவது வாரம் ஐந்து படியையும் இரண்டாக மடக்குங்கள்: ‘ஊன்று, நில்’. மூன்றாவது வாரம் ஒன்றாக: ‘நில்’. இந்தச் சமயத்தில் நாத்தனாரையோ பெரிய பையனையோ விட்டுப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நாம் செய்வதாக நினைப்பது ஒன்று, படத்தில் தெரிவது இன்னொன்று. பார்த்தால் சிரிப்பு வரும், பரவாயில்லை.

கோவளத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தப்புகள் நான்கு. கண் பாதத்தைப் பார்ப்பது முதலாவது. கண் கீழே போனால் தலை கீழே போகும், தலை போன வழியில் உடம்பும் போகும். முழங்காலில் நின்று யோசித்துவிட்டுப் பிறகு எழுவது இரண்டாவது. அந்த யோசனைக்குள் அலை போய்விடும். பாதம் நடுக்கோட்டை விட்டு ஓரத்தில் விழுவது மூன்றாவது. எழுந்ததும் கொடிமரம் மாதிரி விறைத்து நிற்பது நான்காவது.

படத்தில் நான்குமே உங்களிடம் தெரியலாம். நான்கையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று. பார்வைதான் முதலில். மற்ற மூன்றில் பாதி அதிலேயே சரியாவதை நானே பார்த்தேன். சொல்லித் தருகிற பையன், “அக்கா, காலைப் பாக்காதீங்க, கரையில அந்த மஞ்சள் குடையைப் பாருங்க” என்றான். அதுவரை விழுந்து கொண்டே இருந்த ஓர் அம்மாள் அடுத்த அலையில் கரை வரை நின்று வந்தாள். இறங்கினதும் என்னைப் பார்த்து, “நிஜமாவே நின்னேனா?” என்று கேட்டாள்.

பிரசவமானவர்கள் கவனிக்க

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. தரையிலிருந்து துள்ளி எழுவது வயிற்றுத் தசைக்கும், கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்குகிற அடித்தசைக்கும் நிஜமான பாரம். கர்ப்ப காலத்தில் இரண்டும் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். அதனால் பிரசவமாகி மூன்று மாதத்துக்குள் இந்த மாதிரித் துள்ளும் பயிற்சி எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகும் உங்களைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுக் கொண்டுதான். சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேலே தையல் ஆறியிருந்தாலும் உள்ளே ஆறக் கூடுதல் காலம் பிடிக்கும்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றுத் தூக்கிப் பாருங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுவயிறு கூரை மாதிரி முகடாக எழும்புகிறதா? அப்படியானால் வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கலாம். அதை முதலில் டாக்டரிடமோ பிஸியோதெரபி நிபுணரிடமோ காட்டுங்கள். அவர்கள் தருகிற பயிற்சியே உங்களுக்கு முதல் பாடம்.

இன்னொன்று. இருமினால், தும்மினால், எழுந்தால் சொட்டுச் சொட்டாக மூத்திரம் கசிகிறது என்று வெளியே சொல்லாமல் எத்தனை பேர் இருக்கிறோம்! “பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்” என்று பெரியவர்கள் வாயை மூடிவிடுவார்கள். அடிக்கடி வருகிற தொல்லைதான். ஆனால் சகித்துக் கொண்டே இருக்க வேண்டியது இல்லை. அடித்தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை முறையாகக் கற்றுச் செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். கசிவு இருக்கும்போது துள்ளும் பயிற்சியை நிறுத்திவைத்துவிட்டு அதைக் கவனியுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் குழந்தைக்குப் பால் கொடுத்த பிறகு பழகுங்கள். மார்பு கட்டியிருக்கும்போது குப்புறப் படுப்பது வேதனை. முதுகு வலி, மணிக்கட்டு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், மறுபடி கர்ப்பமாக இருக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நான்காவது வாரம்: தண்ணீரில்

இப்போது கடல். இங்கேயும் விதி அதேதான்: எழுந்து நிற்பதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “தம்பி, இன்னிக்கு நான் உள்ளே வரலை. இடுப்பளவுத் தண்ணியில, நுரையலையிலயே நிக்கப் பழகறேன். நீங்க பலகையைத் தள்ளி மட்டும் விடுங்க.” பணம் கொடுத்து வருகிறவர்களுக்குப் புதிது புதிதாகக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கும் ஆசை இருக்கும். நாம் கேட்டால் சந்தோஷமாகவே செய்கிறார்கள்.

நுரையலை என்றால், உடைந்து வெள்ளையாகக் கரைக்கு வருகிற அலை. அது பலகையைத் தானே தள்ளிக் கொண்டு போகும். தள்ளுவதை உணர்ந்த பிறகு எழுங்கள். எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேலே மெத்தென்றிருக்கிற பலகையையே கேட்டு வாங்குங்கள். நீளமும் அகலமும் இருந்தால் ஆட்டம் குறைவு, அடி பட்டாலும் காயம் குறைவு. சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும். அது நமக்கு இப்போது வேண்டாம்.

கடலுக்குச் சில மரியாதைகள் உண்டு. நீச்சல் தெரியாதவர்கள் முதலில் நீச்சல் கற்றுக் கொள்ளுங்கள். தெரிந்தாலும் ஆசிரியர் இல்லாமல் இறங்காதீர்கள். பலகையின் கயிற்றைப் பின்னங்கால் கணுக்காலில் கட்டிக் கொள்ள வேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக் கொண்டு வாருங்கள், பலகை எங்கே இருக்கும் என்று தெரியாது. அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையை வைத்துக் கொண்டு நிற்காதீர்கள். அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். கடல் உள்ளே இழுப்பதாகத் தோன்றினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் கரைக்குத் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் நம் கிழக்குக் கரைக் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மாதங்களில் வீட்டு விரிப்பே போதும்.

உடை விஷயத்தில் தயக்கம் வேண்டாம். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெகின்ஸும் போட்டுக் கொண்டு பல பெண்கள் வருகிறார்கள். வெயிலுக்கும் பலகை உரசுவதற்கும் அது பாதுகாப்பு. துப்பட்டா கூடாது. சங்கிலி, தோடு, வளையல், முக்கியமாகக் காலில் மெட்டி, எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் சட்டைக்குள் நன்றாக அடக்கிக் கொள்ளலாம்.

ஒற்றைக் கையால் எழுந்தவள்

“எனக்கு இந்த வயசில், இந்த உடம்போடு வருமா?” என்று கேட்பவர்களுக்கு ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஹவாயைச் சேர்ந்த பெத்தனி ஹாமில்டன். 2003 அக்டோபரில், 13 வயதில், பலகையில் படுத்திருந்தபோது சுறா தாக்கி இடது கையைத் தோளோடு இழந்தாள். ஒரு மாதம் முடிவதற்குள் மறுபடி கடலில் இறங்கினாள். நீந்தத் தெரியும், அலையைப் படிக்கத் தெரியும், திருப்பமெல்லாம் கைவந்த கலை. ஆனால் எழுந்து நிற்பது போய்விட்டது! இரண்டு கை ஊன்றிப் பழகின உடம்பு, ஒற்றைக் கையைப் பலகையின் நடுவில் ஊன்றி எழக் கற்றுக் கொள்ள வேண்டியிருந்தது. அலைக்கு அடியில் முங்கிப் போகும்போது பிடித்துக் கொள்ள அவள் அப்பா பலகையில் ஒரு கைப்பிடி பொருத்திக் கொடுத்தார். கடைசியில் அது கைகூடியது. 2005-ல் அமெரிக்க தேசியப் போட்டி ஒன்றில் முதலிடம். 2015-ல் தாயானாள். மறு வருஷம், கையில் ஒரு வயதுக் குழந்தையோடு ஃபிஜித் தீவுப் போட்டிக்குப் போய், உலகத்தின் முதல் வரிசைப் பெண்களைத் தோற்கடித்து மூன்றாம் இடம் பெற்றாள்.

நாம் யாரும் ஃபிஜிக்குப் போகப் போவதில்லை. கோவளத்தில் கரை வரை நின்று வந்தால் போதும்.

எப்போது அடுத்த பாடம்?

ஒரு மாதத்தில் எல்லோருக்கும் வந்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சிலருக்கு ஆறு வாரம் ஆகும். நாள் கணக்கை விட்டுவிட்டு இந்த அடையாளத்தைப் பாருங்கள். நீங்கள் விரிப்பில் படுத்திருக்கும்போது குழந்தை, “அம்மா, என் பொம்மை எங்கே?” என்று கேட்கிறது. “ஊஞ்சல்ல இருக்கு பார்” என்று பதில் சொல்லிக் கொண்டே உங்களால் எழுந்து நிற்க முடிகிறதா? கால் சரியாக நடுக்கோட்டில் விழுகிறதா? அப்படியென்றால் அந்த வித்தை மூளையை விட்டு இறங்கி உடம்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இனி அலை மேல் மனசு வேறு காரியத்துக்குக் காலியாக இருக்கும். அப்போது இரண்டாவது பாடத்தை எடுங்கள்: துழாவுவது. அதற்கும் ஒரு மாதம், அது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு அலையைத் தேர்ந்தெடுப்பது. பழைய பாடம் துரு ஏறாமல் இருக்க நாளைக்கு ஐந்து தடவை எழுந்து நின்றால் போதும்.

வீட்டில், “என்ன, இன்னும் விழுந்துகிட்டுத்தானே இருக்கே?” என்று கேட்டால், “ஆமாம், இந்த மாசம் எழுந்து நிக்கறது ஒண்ணைத்தான் பழகறேன். நேத்திக்கு 15-ல 6 தடவை நின்னேன்” என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் எத்தனைக்கு எத்தனை என்று காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள். ஆறு எட்டாவதும் எட்டு பத்தாவதும் எழுத்தில் இருந்தால் கேலி பேசுகிறவர்களுக்கும் அது தெரியும். அதைவிட, சோர்ந்து போகிற நாளில் உங்களுக்கே அது தைரியம் சொல்லும். மாதக் கடைசியில் விடலாமா, தொடரலாமா என்பதையும் அந்தக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன லாபத்துக்கு வருகிறேன். கடல் பக்கம் போகாதவர்களே, இந்த ஐந்து படியையும் மெதுவாக நீங்களும் செய்யலாம். கட்டிலும் நாற்காலியும் சோபாவுமாகத் தரையில் உட்கார்ந்து எழுகிற பழக்கமே நம் வீடுகளில் போய்க் கொண்டிருக்கிறது. தரையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிற சக்தி, தோள், வயிறு, தொடை, சமநிலை எல்லாம் சேர்ந்து வருகிற சக்தி. வயதாக ஆக அது நழுவும். 35 வயதில் பழகி வைத்துக் கொண்டால் 65-ல் உபயோகப்படும். துள்ள முடியாதவர்கள் ஒரு முழங்காலை ஊன்றி, பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக் கொண்டு எழுந்தாலும் போதும். நாளைக்கு ஐந்து தடவை, அவ்வளவுதான்.

அடுத்த இதழில், குழந்தையை இடுப்பில் தூக்கித் தூக்கி ஒரு பக்கமாகவே வலிக்கிற முதுகுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.